வெளுத்த மிளகாய் இலைக்கு மருந்து கிடையாது

மாசி கடந்து வெயில் ஏறத் தொடங்கினால் என் வாட்ஸ்அப்பில் இலைகள் வந்து குவியும். பெரும்பாலும் மிளகாய், கொஞ்சம் தக்காளி, எப்போதாவது கத்தரி. எல்லாப் படத்திலும் ஒரே காட்சிதான். மேல் இலைகளின் நடுவில் வெள்ளையாக உலர்ந்த திட்டு. ஓரமும் காம்புப் பக்கமும் பச்சை. பூச்சி சுரண்டிய தடம் இல்லை, பூசண வளையம் இல்லை. இலைமேல் இலை படிந்திருந்த இடத்தில், நிழல் விழுந்த பகுதி மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். கூடவே ஒரு குரல் பதிவு: “அம்மிணி, உங்ககிட்ட எடுத்த நாத்துதான். நட்டு ரெண்டு மூணு நாள்தான் ஆச்சு. என்ன சீக்குன்னு பாத்துச் சொல்லு, மருந்துக் கடைக்குப் போகோணும்.”

சீக்கு இல்லை. நிழல் விழுந்த இடம் பச்சையாக இருக்கிறதே, அதுதான் துப்பு. இலையை வெளுக்க வைத்தது கிருமி அல்ல, அதன் சொந்த ஒளிச்சேர்க்கையில் தடம் மாறிப்போன ஆக்சிஜன். போனில் இதைச் சொன்னால், “ஆக்சிஜன் நல்லதுதானுங்களே?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு இந்த இணைப்பையே அனுப்பிவிடலாம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் சித்தப்பாவோடு சேர்ந்து குழித்தட்டு நாற்றுப் பண்ணை நடத்துகிறேன். அதற்கு முன்னால் கோவையில் பயிர் வினையியல் படித்தேன். முதுகலை ஆய்வுக்காக நான் செய்த வேலையை ஒரே வரியில் சொன்னால், இலைக்குள் இருக்கும் வினைமிகு ஆக்சிஜனுக்கு (சாதாரண ஆக்சிஜனைவிட எளிதில் எதனோடும் வினைபுரியும் அதன் வடிவங்களுக்கு) சாயம் போடுவது. டயமினோபென்சிடின் என்று ஒரு சாயம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும் இடத்தில் அது பழுப்பாகப் படியும். நைட்ரோ புளூ டெட்ரசோலியம் என்று இன்னொன்று, அது சூப்பராக்சைடைத் தொட்டால் கருநீலமாகும். இலையைச் சாயத்தில் ஊறவைத்து, பிறகு ஆல்கஹாலில் கொதிக்கவைத்துப் பச்சையத்தை முழுக்க வடித்துவிட வேண்டும். வெளிறிய இலையில் பழுப்பும் நீலமும் மட்டும் மிஞ்சும். பாதி இலையைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, மீதியை நல்ல வெயிலில் காட்டிவிட்டுச் சாயம் போட்டால், காகிதத்தின் விளிம்பு கோடு போட்ட மாதிரி அதில் தெரியும். முதல் பருவத்தில் வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த என்னை இந்தத் துறையில் பிடித்துவைத்தது அந்தக் கோடுதான்.

சரி, இலைக்குள் என்ன நடக்கிறது?

நம் ஊர் உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் நொடிக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. மிளகாய், தக்காளி மாதிரியான செடிகளின் ஒரு இலையால் இதில் பாதியைக்கூட உருப்படியாகப் பயன்படுத்த முடியாது. அதற்கு முன்பே அதன் வேலைத்திறன் நிறைந்துவிடும். ஆனால் வருகிற ஒளியை ‘போதும்’ என்று திருப்பி அனுப்பப் பச்சையத்துக்குத் தெரியாது. விழுந்த ஒளியை அது பிடித்தே தீரும். பிடித்த ஆற்றலைக் கொண்டு, பச்சையமும் புரதமும் சேர்ந்த ‘இரண்டாம் ஒளி அமைப்பு’ தண்ணீரைப் பிளக்கிறது. ஆக்சிஜன் வெளியே போகிறது, எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி முதல் ஒளி அமைப்புக்கு வந்து, அங்கிருந்து கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் வேலைக்குப் போகின்றன. பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும்.

பாடத்தில் வராதது, கடைசிக் கட்டம் அடைபட்டால் என்ன ஆகும் என்பது. தண்ணீர் குறைந்தால் செடி இலைத்துளையை மூடிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது. ஒளி மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் லீவு விட்ட நாளில் தெரியாமல் வந்து வரிசைகட்டும் தக்காளி வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்: இறக்க இடமில்லை, பின்னால் வண்டி வந்துகொண்டே இருக்கிறது. அப்போது எலக்ட்ரானுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஆக்சிஜன். அந்த இடத்திலேயே உற்பத்தியாகிற பொருள், அதனால் பஞ்சமே கிடையாது. எலக்ட்ரான் அதன்மேல் தாவுகிறது. ஆக்சிஜன் சூப்பராக்சைடாகிறது.

இதன் முதல் தடயத்தை 1951இல் கண்டவர் ஆலன் மெஹ்லர் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர். இலைச் செல்லில் பச்சையத்தைச் சுமக்கும் பசுங்கணிகங்களைப் பிரித்தெடுத்து வெளிச்சம் காட்டினால் அவை ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகின்றன என்று காட்டினார். இன்றும் அதற்கு மெஹ்லர் வினை என்றே பெயர். நடுவில் சூப்பராக்சைடு என்று ஒருவர் வந்து போகிறார் என்பது அன்று தெரியாது. 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடை ஒழிக்கும் நொதியைக் கண்டுபிடித்த பிறகுதான் கதை தெளிந்தது. 1970களில் ஜப்பானின் கியோட்டோவில் கோஸி அசாதா, பசுங்கணிகத்தில் முதலில் உருவாவது சூப்பராக்சைடுதான் என்று நிறுவினார். அதே காலத்தில், 1976இல், லண்டனில் கிறிஸ்டின் ஃபோயரும் பாரி ஹாலிவெல்லும் அந்தப் பெராக்சைடைச் செடி எப்படித் தண்ணீராக்குகிறது என்பதற்கு வழி சொன்னார்கள். வைட்டமின் சி அதில் முக்கியக் கூலியாள். பசுங்கணிகத்துக்குள் அது பத்துகள் கணக்கான மில்லிமோலார் அடர்த்தியில் இருக்கிறது. கொய்யாவிலும் நெல்லியிலும் நமக்காகக் காத்திருக்கும் சத்து என்றுதான் அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம். இலைக்கு அதுவே அன்றாடப் பிழைப்பு.

இந்த முழுச் சுற்றுக்கு 1999இல் அசாதா வைத்த பெயர் ‘தண்ணீர்–தண்ணீர் சுழற்சி’. ஒரு முனையில் தண்ணீரைப் பிளந்து எடுத்த எலக்ட்ரான், மறுமுனையில் ஆக்சிஜன் வழியாகப் போய் மறுபடி தண்ணீராகிறது. லாபம் பூஜ்யம். முதன்முதலில் படித்தபோது, இவ்வளவு சிக்கலான எந்திரத்தைக் கட்டி அதை வெட்டியாகவா ஓட்டுவது என்று தோன்றியது. ஆனால் மிச்ச ஒளியை எங்காவது செலவழித்தாக வேண்டுமே. செலவழிக்காத ஒளிதான் ஆளைக் கொல்லும்.

எப்படிக் கொல்லும் என்றால், இன்னொரு வழியில். சூப்பராக்சைடு எலக்ட்ரான் தாவி உருவாவது. சிங்லெட் ஆக்சிஜன் என்ற இன்னொரு வினைமிகு வடிவம், ஆற்றல் தாவி உருவாவது. நாம் சுவாசிக்கும் சாதாரண ஆக்சிஜனில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல், ஒரே திசைச் சுழற்சியோடு நிற்கின்றன. அதனால்தான் ஆக்சிஜன் நம் உடலையும் மரத்தையும் கண்ட மாத்திரத்தில் எரிப்பதில்லை. அதற்குக் குவாண்டம் விதி போட்ட விலங்கு அது. வேலை கிடைக்காமல் கிளர்ந்து நிற்கும் பச்சையம் ‘மும்மை நிலை’ என்ற, சீக்கிரம் அடங்காத கிளர்ச்சி நிலைக்குப் போய், தன் ஆற்றலை ஆக்சிஜனிடம் ஒப்படைத்தால் அந்த விலங்கு கழன்றுவிடுகிறது. அதன் பிறகு பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், பச்சையம் எதையும் அது விடாது. தண்ணீரில் அதன் ஆயுள் சில மைக்ரோநொடிகள்தான், ஆனால் அது பிறப்பதே எந்திரத்தின் நடுவில்.

முதல் அடி வாங்குவது இரண்டாம் ஒளி அமைப்பின் டி1 என்ற புரதம். அங்கே ஒரு வடிவமைப்புச் சிக்கல் இருக்கிறது. கேரட்டின் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டின், மும்மை நிலைப் பச்சையத்தை உடனே அமைதிப்படுத்தவல்லது. அதை மையத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கலாம் அல்லவா? முடியாது. தண்ணீரிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குகிற அளவுக்கு மூர்க்கமான மையம் அது. கரோட்டின் ஒட்டி நின்றால் அதனிடமிருந்தும் பிடுங்கிவிடும். ஆகவே கரோட்டின் கொஞ்சம் எட்ட நின்று, உருவான பிறகு சிங்லெட் ஆக்சிஜனைப் பிடிக்கப் பார்க்கிறது. தப்பியது டி1 புரதத்தைச் சிதைக்கும். செடி சிதைந்ததை வெட்டியெடுத்துப் புதிதாகச் செய்து செருகும். நல்ல வெயிலில் நாள் முழுக்க இந்த ரிப்பேர் நடந்துகொண்டே இருக்கும். சேதம் ரிப்பேரை முந்தும்போதுதான் உங்கள் படத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டு வருகிறது.

இதெல்லாம் ஆய்வகத்துச் சங்கதி என்று நினைத்தால், பக்கத்து மருந்துக் கடையின் களைக்கொல்லி அலமாரியைப் போய்ப் பாருங்கள். பாதி டப்பாக்கள் இந்த ஆக்சிஜனை நம்பித்தான் இருக்கின்றன.

மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசின், நேராகப் போய் டி1 புரதத்தின் ஒரு பொந்தில் உட்கார்ந்து எலக்ட்ரானை மறிக்கும். ஒளிச்சேர்க்கை நின்று களை பட்டினியில் சாகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பட்டினியில் சாகப் பல நாள் ஆகும். மறித்ததால் தேங்கும் ஆற்றல் சிங்லெட் ஆக்சிஜனாகி, களையை அதற்கு வெகு முன்பே முடித்துவிடுகிறது. டெம்போட்ரியோன் அடித்தால் களை வெள்ளை வெளேரென்று ஆகும், பார்த்திருப்பீர்கள். அது கரோட்டின் வகை நிறமிகளே உருவாகாமல் தடுத்துவிடுகிறது. காவல் இல்லாத பச்சையம் வெயிலில் தானே வெந்துபோகிறது. இந்த இரண்டையும் கலந்து அடித்தால் ஏன் இவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பது இப்போது புரியும்: ஒன்று சிங்லெட் ஆக்சிஜனைப் பெருக்குகிறது, மற்றது அதைப் பிடிக்கும் ஆளை எடுத்துவிடுகிறது. சின்ன வெங்காயத்துக்கு அடிக்கும் ஆக்சிஃபுளோர்ஃபென் வேறு மாதிரி. பச்சையம் தயாராகும் வழியில் ஒரு நொதியை அது அடைக்க, பாதி வெந்த நிறமி பசுங்கணிகத்துக்கு வெளியே கசிந்து சேரும். காவலே இல்லாத இடத்தில் அதன்மேல் வெயில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு பாராகுவாட். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1962இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதல் ஒளி அமைப்பின் வாசலில் நின்று எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும், திரும்பி வந்து அடுத்ததைப் பிடுங்கும். தான் தீர்ந்துபோகாமல் சூப்பராக்சைடை மட்டும் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். காலையில் அடித்தால் மாலைக்குள் களை தொங்கிவிடும். பொழுது சாய்ந்து அடித்தால் அன்றிரவு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நேரத்தில் மருந்து செடிக்குள் கொஞ்சம் பரவிவிடுவதால் மறுநாள் வெயில் ஏறியதும் இன்னும் ஆழமாகக் கேட்கும். இருட்டில் அது கிட்டத்தட்டச் சும்மா கிடக்கும் பொருள். வெயில்தான் விசை.

இதே சுழற்சி மனித நுரையீரலிலும் நடக்கும், அங்கே வெயில்கூடத் தேவையில்லை. நுரையீரல் செல்கள் பாராகுவாட்டை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் தன்மை கொண்டவை. உடலுக்குள் போய்விட்டால் அதை முறிக்க மருந்து கிடையாது. கேரளம் 2011இல் தடை செய்தது, இலங்கையும் படிப்படியாக நிறுத்திவிட்டது. என் பண்ணைக்குள் அந்தப் புட்டியைக் கொண்டுவர யாரையும் விடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அடித்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் வலையைச் சுருட்டுவோம். இதில் சித்தப்பாவும் நானும் ஒரே கட்சி.

இதுவரை படித்தால், ஆக்சிஜன் பொல்லாதது, அதை ஒழித்துக்கட்டினால் செடி சுகமாக இருக்கும் என்று தோன்றும். எனக்கும் ஆய்வு தொடங்கியபோது அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அந்தப் பார்வையை உடைத்த சோதனை ஒன்று உண்டு.

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் கிளாஸ் அப்பெல் குழு, அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் ‘ஃப்ளூ’ என்ற திரிபை (ஒரு மரபணு கெட்ட வகையை) ஆராய்ந்தது. இருட்டில் பச்சையத்தின் முந்தைய வடிவத்தைத் தயாரிப்பதை நிறுத்தச் செடிக்கு ஒரு பிரேக் உண்டு. இந்தத் திரிபுச் செடியில் அந்தப் பிரேக் இல்லை. எப்போதும் வெளிச்சத்திலேயே வைத்தால் நன்றாக வளரும். கொஞ்ச நேரம் இருட்டில் வைத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், சேர்ந்துபோன நிறமி சிங்லெட் ஆக்சிஜனைக் கொட்டி, நாற்று செத்துவிடும். சிங்லெட் ஆக்சிஜன் சுட்டுக் கொன்றது என்றுதான் யாரும் சொல்வார்கள். 2004இல் அவர்கள் இன்னொரு மரபணுவையும் சேர்த்துக் கெடுத்துப் பார்த்தார்கள். அந்த மரபணுவுக்கு ‘எக்ஸிக்யூட்டர்’ என்றே பெயர் வைத்தார்கள், மரண தண்டனையை நிறைவேற்றுபவர். அது கெட்ட செடிகளில் சிங்லெட் ஆக்சிஜன் அதே அளவு உருவானது. நாற்றுகள் சாகவில்லை.

அதாவது, அங்கே ஆக்சிஜன் கொல்லவில்லை. சேதி சொன்னது, அந்தச் சேதியைக் கேட்டு, சாவது என்று முடிவெடுத்தது செடி. மிகக் கடும் வெயிலில் நேரடிச் சேதமும் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் வினைமிகு ஆக்சிஜன் ஒரு கழிவு மட்டுமல்ல, செடியின் தபால்களில் ஒன்று என்று ஆன பிறகு என் சாயம் போட்ட இலைகளை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். பழுப்புத் திட்டு காயத்தின் அளவா, கூச்சலின் அளவா என்று அந்தச் சாயத்தால் சொல்லவே முடியாது.

இதில் என் தொழிலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது 1999இல் ஸ்டனிஸ்லாவ் கார்பின்ஸ்கி குழு வெளியிட்டது. ஒரே செடியின் சில இலைகளுக்கு மட்டும் கடும் வெளிச்சம் காட்டினார்கள். மற்ற இலைகள் நிழலில். பிறகு அந்த நிழல் இலைகளை வெளிச்சத்தில் போட்டபோது, அவை ஏற்கெனவே ஓரளவு தயாராக இருந்தன. வெயிலையே பார்க்காத இலைக்கு வெயில் வரப்போகிறது என்று சேதி போயிருக்கிறது. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடுக்குப் பங்கு உண்டு. 2009இல் ரான் மிட்லர் குழு, காயம் போன்ற தூண்டலுக்குப் பிறகு வினைமிகு ஆக்சிஜன் அலை ஒன்று செடிக்குள் நிமிடத்துக்கு சுமார் 8 சென்டிமீட்டர் வேகத்தில் பரவுவதை அளந்தது. ஒரு மிளகாய் நாற்று முழுவதற்கும் சேதி போய்ச்சேர இரண்டு மூன்று நிமிடம் போதும்.

இப்போது பண்ணைக்கு வருவோம். எங்கள் நாற்றுகள் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய 98 குழித் தட்டுகளில் வளர்கின்றன. மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். முளைப்புக்கும் சீரான வளர்ச்சிக்கும் வலை வேண்டும். ஆனால் நிழலில் விரிந்த இலை மெலிசு. ஒளியைப் பிடிக்கும் நிறமி அதில் அதிகம், காவல் நொதிகள் குறைவு. மிச்ச ஒளியை வெப்பமாக்கி வெளியே தள்ளும் சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியின் கையிருப்பும் குறைவு. இந்த இலையை வண்டியில் ஏற்றி, வேர் அசைத்து, நண்பகலில், பாத்தியை மூடிய சில்வர் மல்ச்சிங் ஷீட்டின் மேல் நட்டால் என்ன ஆகும்? மேலிருந்து இரண்டு மடங்கு ஒளி, கீழே ஷீட்டிலிருந்து எதிரொளி, வேர் தண்ணீர் எடுக்காததால் மூடிய இலைத்துளை. மேலே சொன்ன எல்லாம் ஒரே மத்தியானத்தில் நடக்கும்.

அதனால்தான் கடைசி ஒரு வாரம் வெயில் பழக்குகிறோம். முதலில் காலை பத்து மணி வரை மட்டும் வலையைச் சுருட்டுவது, பிறகு நண்பகல் வரை, கடைசியில் முழு நாளும். தண்ணீரையும் ஒரு பிடி குறைப்போம். சித்தப்பா இதை ‘சுட்டுப் பழக்குறது’ என்பார். நான் படித்த பாடத்தில் இதற்குச் சரியான விளக்கம்: செடி தாங்கும் அளவுக்கு வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கி, அந்தச் சேதியைக் கொண்டு காவல் நொதிகளைக் கூட்டச் செய்வது. சுடாமல் பழக்க முடியாது. சுடுகிற அளவில்தான் கைத்திறன் இருக்கிறது.

இதனால்தான் எனக்கு டானிக் விற்க வருபவர்களோடு ஒத்துப்போவதில்லை. ‘ஆன்ட்டி ஆக்சிடன்ட்’ என்று பெரிய எழுத்தில் போட்ட புட்டி. நாற்றின்மேல் தெளித்தால் ஃப்ரீ ரேடிக்கல் எல்லாம் அழிந்து வெயிலைத் தாங்குமாம். முகக் க்ரீம் விளம்பரத்தில் இருந்து வசனத்தைப் பெயர்த்து எடுத்து வந்திருக்கிறார்கள். இலைக்குள் வைட்டமின் சி ஏற்கெனவே தேவைக்கு இருக்கிறது. குறைவது அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் எந்திரம். அந்த எந்திரத்தைக் கட்டச் சொல்லும் சேதியைத்தான் இவர்கள் அழிப்பதாகச் சொல்கிறார்கள். அழிக்கிறதோ இல்லையோ, என் காசு அழியும்.

காவல் என்றால் எது எந்த இடத்தில் என்பதும் முக்கியம். கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராக்கும். ஆனால் அது இருப்பது பசுங்கணிகத்தில் அல்ல, பக்கத்தில் உள்ள பெராக்சிசோம் என்ற சிறு உறுப்பில். 1983இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தார், கேட்டலேஸ் இல்லாத பார்லிச் செடியைப் பற்றி எழுதினார்கள். கார்பன் டை ஆக்சைடு அதிகம் உள்ள காற்றில் அது நன்றாக வளர்ந்தது. சாதாரணக் காற்றுக்கு மாற்றியதும் இலை கருகியது. சாதாரணக் காற்றில் ஒளிச்சுவாசம், அதாவது கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் இலை ஆக்சிஜனைப் பிடித்துவிடும் வினை, நடக்கும், அதில் உருவாகும் பெராக்சைடைக் கவனிக்க ஆள் இல்லை. நாம் ‘வெறும் காற்று’ என்று சொல்வதில் உயிரோடு இருப்பதே செடிக்கு ஒரு வேலை.

புட்டி வாங்கும் காசுக்கு இலைச் சத்தைக் கவனியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1989இல் மார்ஷ்னரும் சக்மக்கும் பீன்ஸ் செடிகளைத் துத்தநாகம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை குறைந்த நிலையில் வளர்த்தார்கள். வெளிச்சம் கூடக்கூட மஞ்சளும் கருகலும் கூடின. இலையின் ஒரு பகுதியை மூடி நிழல் கொடுத்தால் அந்தப் பகுதி பச்சையாகவே இருந்தது. சத்து அதே, இலை அதே, வெளிச்சம் மட்டும் வேறு. மக்னீசியமும் பொட்டாசியமும் குறைந்தால் இலையிலிருந்து சர்க்கரை வெளியேறாது. சர்க்கரை தேங்கினால் எலக்ட்ரானுக்கு இடமில்லை. மீதி உங்களுக்கே தெரியும். துத்தநாகமோ சூப்பராக்சைடை ஒழிக்கும் ஒரு நொதியின் உறுப்பு. பற்றாக்குறை என்று நாம் பார்க்கும் மஞ்சளில் ஒரு பங்கு உண்மையில் வெயில் அடித்தது.

செடிகள் தாமாகச் செய்யும் தற்காப்பைத் தோட்டத்தில் நின்றே பார்க்கலாம். உச்சி வேளையில் தட்டைப்பயறு இலையைப் பாருங்கள், சூரியனுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். இலைக்குள்ளே பசுங்கணிகங்களும் பக்கச் சுவரோரமாக ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஒதுங்கத் தெரியாத திரிபுச் செடிகள் கடும் ஒளியில் கருகுவதை ஜப்பானியர்கள் 2002இல் காட்டினார்கள். மாந்தளிரின் செம்பு நிறத்துக்கும் ஒரு விளக்கம், இன்னும் பக்குவப்படாத பசுங்கணிகத்துக்கு அது திரை பிடிக்கிறது என்பது. அதில் எல்லோரும் உடன்படவில்லை, ஆனால் எனக்குப் பிடித்த விளக்கம். பூக்கும் செடிகளுக்கு இல்லாத ஒரு வசதி பாசிச்செடிகளுக்கு உண்டு: மிச்ச எலக்ட்ரானை, நடுவில் எந்த வினைமிகு ஆக்சிஜனும் கசியாமல், நேராக ஆக்சிஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கும் புரதம். நம் மிளகாயின் முன்னோர் அதை எப்போதோ தொலைத்துவிட்டார்கள். ஏன் தொலைத்தார்கள் என்று யோசித்து நான் தூக்கம் கெட்டதுண்டு.

இந்தக் காவலுக்கும் ஒரு விலை உண்டு. சியாசாந்தின் காவல் வெயில் வந்தால் சீக்கிரம் ஏறும், மேகம் மறைத்தால் இறங்க நேரம் பிடிக்கும். நிழலில் இருக்கும்போதும் கொஞ்ச நேரம் ஒளியை வீணாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஸ்டீபன் லாங் குழு, அந்தக் காவல் வேகமாக இறங்கும்படி புகையிலைச் செடியின் மரபணுக்களை மாற்றி, 2016இல் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதல் வளர்ச்சியைக் காட்டியது. 2022இல் சோயாவில் மகசூல் 33 சதவீதம் வரை கூடியது என்று அறிவித்தார்கள். நல்ல வேலை. ஆனால் அவர்கள் வயலின் மேகமும் நம் ஆனி, ஆடிக் காற்றில் ஓடும் மேகமும் ஒன்றா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

மேகம் என்றதும், பண்ணையில் தீராத ஒரு தகராறு. மேகம் மூடாக்கு போட்ட நாளில் வலையை என்ன செய்வது? “வெயிலே காணோம், வலை எதுக்கு?” என்று சித்தப்பா காலையிலேயே முழுதாகச் சுருட்டிவிடுவார். பழக்கத் தொடங்கிய முதல் இரண்டு நாளில் இதைச் செய்தால், பதினொரு மணிக்கு மேகம் விலகும்போது ஒன்றும் கற்றுக்கொள்ளாத இலைமேல் முழு வெயில் மொத்தமாக விழும். வலையை இழுக்க ஆள் வருவதற்குள் மேலடுக்கு இலை முடிந்திருக்கும். நான் கேட்பது, முதல் சில நாள் வானத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள் என்பது. பிறகு வானத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் பாதி ஒத்துக்கொண்டிருக்கிறார்: கிழக்குப் பத்தி என் கணக்கு, மேற்குப் பத்தி அவர் கணக்கு.

இந்த வாரம் நாற்று எடுக்க வருபவர்களுக்கு: இரண்டு பத்தியிலும் உள்ள தட்டுகள் இப்போது முழு வெயிலில்தான் இருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திண்ணை நிழலில் நாள்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள், பழகியது கலைந்துவிடும். நடவை மாலை நாலு மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க வெளிச்சத் தொல்லை இல்லாமல் வேர் பிடிக்கட்டும். நட்டவுடன் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். மேலே ஒன்றிரண்டு இலை வெளுத்தால் பயப்பட வேண்டாம், கிள்ளவும் வேண்டாம். குருத்துப் பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குருத்தே வெளுத்திருந்தால் படம் அனுப்புங்கள், அப்போது பக்கத்துத் தோட்டத்தில் என்ன அடித்தார்கள் என்று நான் கேட்பேன்.